இன்னும் கொஞ்சம் கெடுங்க, டாக்டர்

கிட்டாரைப் பழுது பார்க்க உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க டெக்னீஷியன் இருக்கிறார். அவர் என்னைவிடப் பொறுமைசாலி. எனக்கு கிட்டாரில் ஒரு பாட்டுகூட வாசிக்கத் தெரியாது. தாம்பரம் சர்வீஸ் சென்டரில், கண்ணாடிக் கதவைத் திறந்ததும் எதிரே இருக்கிறதே அந்த மேஜை, அதில்தான் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருந்தேன். இப்போது அதில் உட்காரப்போகிற உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். கிட்டாரை உடைத்துக்கொண்டு வருபவர்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அவர்கள் சரி செய்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கிட்டார் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள் போகமாட்டார்கள். சோபாவில் உட்கார்ந்துகொண்டு, நம் கம்பெனியை எப்படி நடத்த வேண்டும் என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். அவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

என் காலத்தில் அப்படி மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் சிட்லபாக்கத்தில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர். நாங்கள் எல்லோரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். இரண்டாவது ரகு, தாம்பரத்தில் ஃபிளாட் வாங்கிக் குடிவந்த சாஃப்ட்வேர் ஆள். மூன்றாவது ஸ்டீபன், பம்மலில் பெல்ட், பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிட்டார் வாசிப்பவன். சனிக்கிழமை ஆனால் மூவரும் வந்துவிடுவார்கள். எங்கள் ஏசி, எங்கள் சோபா, பக்கத்துக் கடைக் காபி. பேச்சு மட்டும் அவர்களுடையது.

ரகுவுக்கு வார்னிஷ் மெலிசாக இருக்க வேண்டும், அப்போதுதான் மரம் மூச்சுவிடுமாம். ஸ்டீபனுக்கு அது தடிமனாக இருக்க வேண்டும். "பம்மல் வேர்வைக்கு அதெல்லாம் தாங்காது ரகு சார். மரம் மூச்சு வுடட்டும், மொதல்ல நான் மூச்சு வுடணும்ல" என்பான். டாக்டருக்கு முதுகுவலி, அதனால் கம்பெனி கிட்டாரின் எடையைப் பாதியாக்க வேண்டும். எடை குறைந்தால் நாதமே போய்விடும் என்று ரகு சண்டைக்கு வருவார். விலையைக் குறைக்க வேண்டும் என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து. ஆனால் தாங்கள் ஏற்கெனவே வாங்கிய கிட்டாரின் மதிப்பு மட்டும் குறையக் கூடாது. கம்பெனி அந்தக் காலத்து முறைக்கே திரும்ப வேண்டும் என்று மூவரும் அடித்துச் சொல்வார்கள். அந்தக் காலத்து கிட்டாரை மூவரில் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை.

இதையெல்லாம் ரகு மெயிலாக எழுதுவார், நான் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவேன். "தங்கள் மேலான கருத்து பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வரும். அதைப் படித்துவிட்டு, "பாத்தீங்களா, கன்சிடர் பண்றாங்க" என்று ரகு சந்தோஷமாக அடுத்த மெயிலை ஆரம்பிப்பார்.

ஒருநாள் வேலைச் சுமையில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல். "இவ்வளவு குறை இருக்கிற கிட்டாரை எதுக்குக் கட்டிக்கிட்டு அழறீங்க? வேற கம்பெனி கிட்டார் வாங்கிக்கலாமே?" என்று கேட்டுவிட்டேன். மூன்று பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பெற்ற தாயைப் பற்றி நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதைப் போல. பாதிக் காபியோடு எழுந்து போய்விட்டார்கள். அந்த மாதம் முழுக்கக் கடைப்பக்கம் வரவில்லை. அவர்கள் திட்டலாம், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சண்டையிலும் அவர்கள் ஒன்றுபட்ட ஒரே இடம் மூன்றாவது கம்பி. கிட்டாரின் தலைப்பக்கம், கம்பிகள் எல்லாம் ஒரு சின்ன எலும்புத் துண்டின் மேல் ஏறிப் போகும். ஒவ்வொரு கம்பிக்கும் அதில் ஒரு பள்ளம் உண்டு. நம் கம்பெனி கிட்டாரில் மூன்றாவது கம்பி அந்தப் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும். கம்பியை வளைத்து வாசித்துவிட்டு விட்டால் பழைய இடத்துக்கு முழுசாகத் திரும்பாது, சுருதி ஒரு துளி இறங்கி நின்றுவிடும். இந்தக் குறையைக் கம்பெனி சரிசெய்துவிட்டால் உலகமே சரியாகிவிடும் என்பது மூவரின் நம்பிக்கை. இதைப் பற்றி மட்டும் ரகு எழுதிய மெயில்களைத் தொகுத்தால் புத்தகமே போடலாம்.

இப்போது மோகன் கதைக்கு வருகிறேன். மோகன் செம்பாக்கத்தில் ஸ்கூல் வேன் ஓட்டுபவர். கல்யாண வரவேற்புகளில் பாடுகிற ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பார். இருபது வருஷமாக ஒரே கிட்டார், நம் கம்பெனியுடையது. ஒரு வெள்ளிக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஸ்ட்ராப் மாட்ற பட்டன் ஆடுது மேடம். மேடைல கழண்டு வுழுந்துச்சுன்னா அசிங்கமாயிடும். ஞாயித்துக்கிழமை புரோகிராம் இருக்கு, நாளைக்குக் கிடைச்சிருமா?"

கிடைத்துவிடும் என்றேன். அவர் போகாமல் நின்றார். முகம் சரியில்லை. என்ன என்று கேட்டேன்.

"லீடர் புது கீபோர்டு வாங்கிட்டாரு மேடம். அதுல கிட்டார் சத்தமும் வருதாம். கீபோர்டு தம்பியே கிட்டார் பிட்டையும் சேத்து வாசிச்சிர்றான். அப்புறம் நான் எதுக்கு? ஞாயித்துக்கிழமை கூடுவாஞ்சேரி ரிசப்ஷன்ல ரெண்டு பேரையும் பாத்துட்டு முடிவு சொல்றேன்னுட்டாரு. அதான் கொஞ்சம் பேஜாரா கீது."

அன்று பார்த்து ரகு வீட்டிலிருந்து வேலை என்று சொல்லிவிட்டு எங்கள் சோபாவில் உட்கார்ந்திருந்தார். லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தே விட்டார். "கீபோர்டுல கிட்டாரா? சார், அது கிரைம்!" என்றார். மோகன் சங்கடமாகச் சிரித்துவிட்டுப் போனார். ரகு உடனே மற்ற இருவருக்கும் போன் போட்டார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் டெக்னீஷியன் பட்டனை முடுக்கிக் கொடுத்துவிட்டு ஒரு நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பிவிட்டார். கரண்ட் பில்லில் ஏதோ தகராறு என்று நான் ஈ.பி. ஆபீஸ் வரை போய்விட்டு வந்தேன். திரும்பி வரும்போது மூன்று பேரும் சோபாவில் வரிசையாக, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கப்போகிற பிள்ளைகளைப் போல உட்கார்ந்திருந்தார்கள். காபிகூடக் கேட்கவில்லை.

மாலையில் மோகன் வந்தார். இங்கே ஒரு வழக்கம் உண்டு, நீங்களும் விட்டுவிடாதீர்கள். பட்டன் மாட்டினாலும் சரி, கம்பி மாற்றினாலும் சரி, வாடிக்கையாளர் ஒரு தடவை வாசித்துப் பார்க்காமல் கிட்டார் வாசலைத் தாண்டக் கூடாது. மோகனையும் வாசிக்கச் சொன்னேன்.

வாசித்தார். எங்கோ இடித்தது. சுருதியைச் சரிபார்த்துவிட்டு மறுபடி வாசித்தார். எனக்கே காது கூசியது. உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு மூன்றாவது முறை மெதுவாக வாசித்தார். அதே இடத்தில், அதே அபஸ்வரம்.

"குடு அண்ணா, நான் பாக்குறேன்" என்று ஸ்டீபன் வாங்கினான். அதே பிட்டை அவன் வாசித்தபோது தேன் மாதிரி இருந்தது. கண்ணை மூடி வாசித்துவிட்டு, "சோக்கா கீது அண்ணா!" என்று வாயெல்லாம் பல்லாகத் திருப்பிக் கொடுத்தான்.

அவன் நல்லெண்ணத்தில்தான் சொன்னான். ஆனால் மோகனின் முகம் தொங்கிப்போய்விட்டது. அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ கிட்டார் நல்லாத்தான் இருக்கு. கைதான் மேடம். கை போச்சு." விரல்களை விரித்து விரித்துப் பார்த்தார். "லீடர் சொன்னது சரிதான். தம்பியே வாசிக்கட்டும். அங்க போயி அசிங்கப்படறதுக்கு இங்கேயே சொல்லிர்றேன்."

சொல்லிக்கொண்டே போனை எடுத்து நம்பரைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள். ஒரு ஆள் அவசரத்தில் தன் பிழைப்பைத் தானே வெட்டிக்கொள்ளப் போகிறார். நமக்கோ எங்கே தப்பு என்றே தெரியவில்லை. நான் மேஜையைச் சுற்றிப் போய் அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டேன். மரியாதையான செயல் இல்லைதான். காரணத்தைப் பிறகு கண்டுபிடிக்கலாம், லீடரிடம் சொல்லிவிட்டால் சொன்னதைத் திருப்பி எடுக்க முடியாது.

பிறகு சோபாவைப் பார்த்தேன். ரகு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் தன் தோல்பையைக் காலால் மெல்ல சோபாவுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், என்ன பண்ணீங்க?"

"ஒண்ணுமே பண்ணலை மேடம்."

"டாக்டர்."

"இம்ப்ரூவ் பண்ணேன்" என்றார்.

விஷயம் வெளியே வந்தது. கீபோர்டோடு போட்டி போடப்போகிற கிட்டாரை அந்தப் பழைய குறையோடு அனுப்ப மூவருக்கும் மனசு வரவில்லை. டாக்டர் பையில் பல்லிடுக்கில் நுழைகிற சின்னச் சின்ன அரங்கள் எப்போதும் இருக்கும். நான் ஈ.பி. ஆபீஸில் வரிசையில் நின்ற நேரத்தில் மூன்றாவது கம்பியின் பள்ளத்தை அவர் ராவி, மெருகேற்றி, கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டார். இனி கம்பி சிக்காது, சுருதி இறங்காது. மோகன் வாசித்து அசந்துபோகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருந்திருக்கிறார்கள்.

"அப்படின்னா அவருக்கு ஏன் தப்பா வருது?" என்று கேட்டேன். ரகு மோகனை மறுபடி வாசிக்கச் சொல்லி, இடது கையைப் போனில் ஸ்லோமோஷனில் எடுத்தார். ஐந்து பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம்.

மூன்றாவது கம்பிக்கு வரும்போதெல்லாம் மோகனின் விரல் அதை அழுத்திவிட்டு, ஒரு நூலளவு மேலே தள்ளியது. ஒவ்வொரு தடவையும். இறங்கிப்போன சுருதியை ஏற்றி வைக்க, இருபது வருஷத்தில் விரல் தானே கற்றுக்கொண்ட பழக்கம். இப்போது சுருதி இறங்கவில்லை, விரலோ விடாமல் தள்ளுகிறது. அதனால் ஸ்வரம் ஏறிப்போய் இடிக்கிறது.

"இது என் வெரலா?" என்றார் மோகன். "நான் தள்றனா? எனக்கே தெரியாதே மேடம்!"

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கை போகவில்லை என்று தெரிந்ததில் வந்த தண்ணீர்.

ரகு உற்சாகமாகிவிட்டார். "சிம்பிள் சார். கிட்டார் இப்ப கரெக்டா இருக்கு. நீங்க தள்ளாம வாசிங்க, அவ்ளோதான்."

மோகன் தள்ளாமல் வாசிக்கப் பார்த்தார். இல்லாத படியில் கால் வைத்தவரைப் போல ஒவ்வொரு இடத்திலும் தடுமாறினார். மறுநாள் மாலை புரோகிராம். இருபது வருஷப் பழக்கத்தை ஒரு ராத்திரியில் கழற்றி வைக்கச் சொல்கிற அளவுக்கு ரகு நல்லவர்.

"பழையபடி ஆக்குங்க" என்றேன்.

அந்தக் குறையை எப்படி நீக்குவது என்று எத்தனை வழிகள் எழுதியிருப்பார்கள்! அதை எப்படிக் கொண்டுவருவது என்று மூவரும் ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை. புது எலும்புத் துண்டு மாற்றலாம், ஆனால் அது இதே மாதிரி சிக்கும் என்று எவன் உத்தரவாதம் தருவான்? கடைசியில் டாக்டர் எழுந்தார். "அடைச்சிடலாம். கிளினிக்குக்கு வாங்க."

சனிக்கிழமை மாலை பல் கிளினிக் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி கிட்டாரை உள்ளே கொண்டுபோனோம். ஒரு பெரியவர் எழுந்தே விட்டார். "டோக்கன் படி விடுங்க சார். அந்த கிட்டார் எனக்கு அப்புறம்தான் வந்துச்சு" என்றார். பல்வலிதான் என்றாலும் நியாயத்தை விடவில்லை.

கிட்டாரை நாற்காலியில் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். நர்ஸ் பழக்கதோஷத்தில் அதன் கழுத்தில் ஒரு பேப்பர் துண்டைக் கட்டிவிட்டாள். டாக்டர் முகக்கவசம் போட்டுக்கொண்டு, சொத்தைப் பல்லை அடைக்கிற பசையைப் பள்ளத்தில் வைத்து, நீல வெளிச்சம் காட்டி இறுக்கி, மறுபடி ராவி, கம்பியை மாட்டினார். மோகன் வாசித்தார்.

"லேசாத்தான் இறங்குது. இன்னும் கொஞ்சம் கெடுங்க, டாக்டர்."

டாக்டர் கெடுத்தார்.

"ரொம்பக் கெட்டுப்போச்சு."

"எவ்ளோ இறங்கணும் சார்? எக்ஸாக்டா சொல்லுங்க, நான் மீட்டர்ல பாக்கறேன்" என்று ரகு போனில் சுருதி பார்க்கிற ஆப்பைத் திறந்தார்.

"எவ்ளோன்னா? எப்பவும் இறங்குமே, அவ்ளோதான்."

கதவைத் திறந்து வைத்திருந்ததால் வெளியே உட்கார்ந்திருந்தவர்களும் கருத்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். முந்தினதே தேவலை என்றது ஒரு வீங்கிய கன்னம். டோக்கன் பெரியவர் மட்டும், "எதுவா இருந்தாலும் சீக்கிரம் கெடுத்துத் தொலைங்கப்பா" என்றார். ஸ்டீபன் ஒவ்வொரு முறையும் மோகனின் விரலுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவான். அடைத்து, ராவி, அடைத்து, டாக்டரின் சட்டை நனைந்துவிட்டது.

கடைசியில் ஒரு தடவை மோகன் வாசித்தார். விரல் தள்ளியது. ஸ்வரம் அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. மோகன் அதையே இன்னொரு தடவை வாசித்தார். பிறகு சிரித்தார்.

"இப்பதான் கரெக்டா கெட்டுச்சு!" என்று ஸ்டீபன் கத்தினான். "எந்தப் பல்லுக்கும் நான் இவ்ளோ கஷ்டப்பட்டதில்லை" என்றார் டாக்டர். பெரியவர் அதற்குள் நாற்காலியில் ஏறிப் படுத்திருந்தார்.

நீங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கிட்டாரில் குறை தெரிந்தால், கேட்காமல் கை வைக்காதீர்கள். வாசிக்கிறவரை உட்கார வைத்து, கிட்டாரைப் பார்க்கிற நேரத்தில் பாதியாவது அவர் கையைப் பாருங்கள். வாடிக்கையாளர் "என் தப்புதான்" என்று சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்டவும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை எங்களால் வீட்டில் இருக்க முடியவில்லை. அழைப்பில்லாமல் கூடுவாஞ்சேரி மண்டபத்துக்கு நான்கு பேரும் போய்விட்டோம். மாப்பிள்ளை வீட்டார் எங்களைப் பெண் வீடு என்று நினைத்தார்கள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு என்று நினைத்தார்கள். இரண்டு பக்கமும் சாப்பிடச் சொல்லி உபசரித்தார்கள்.

கல்யாண வரவேற்பில் பாட்டை யார் கேட்கிறார்கள்? மேடையில் போட்டோ, கீழே பேச்சு, பந்திக்கு ஓட்டம். முதல் இரண்டு பாட்டுக்கும் கிட்டார் பிட்டைக் கீபோர்டு தம்பிதான் வாசித்தான். குறை சொல்ல முடியாது, சுத்தமாகத்தான் வாசித்தான். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. மோகன் ஓரமாக கிட்டாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். லீடர் அவரைப் பார்த்து, அடுத்தது நீ என்று கையைக் காட்டினார்.

மூவரும் எழுந்து போய், நெருங்கிய சொந்தங்களுக்கென்று ஒதுக்கிய முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டார்கள். மோகனின் இடது கைக்கு நேராக. கிட்டார் பிட் வந்தது. மோகன் கம்பியை வளைத்தார், விட்டார், வாசித்து முடித்தார். ஸ்டீபன் இரண்டு விரலை வாயில் வைத்து அடித்த விசிலில் பெண்ணின் தாய்மாமன் திடுக்கிட்டுத் திரும்பினார். டாக்டர் எழுந்து நின்று கைதட்டினார். ரகு, மெயிலைத் தவிர வேறெங்கும் குரலை உயர்த்தாத ரகு, "ஒன்ஸ் மோர்!" என்று அலறினார். மூன்று பேர் இப்படிக் கத்தினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? பின்வரிசைப் பையன்களும் சேர்ந்து கத்தினார்கள். லீடர் பாட்டை நிறுத்தி, கிட்டார் பிட்டிலிருந்து மறுபடி எடுக்கச் சொன்னார்.

நிகழ்ச்சி முடிந்ததும் லீடர் மோகனின் தோளில் கை போட்டதை நான் பக்கத்திலிருந்தே பார்த்தேன். "யோவ் மோகன், உனக்கு ஃபேன்ஸ் கீறாங்கன்னு சொல்லவே இல்லியே! கீபோர்டுக்கு ஒருத்தன் விசில் அடிச்சானா? நீ இருய்யா. அடுத்த வாரம் மறைமலைநகர். அவங்களையும் இட்டுகினு வா."

ரயிலுக்காகக் கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் நின்றிருந்தோம். டாக்டரால் அடக்க முடியவில்லை. "எப்படி மோகன், நம்ம அடைப்பு? கரெக்டா நின்னுச்சா?"

மோகன் கொஞ்சம் தயங்கினார். "தப்பா நெனச்சுக்காதீங்க டாக்டர். இருபது வருஷமா மேடைல வாசிக்கிறேன், என் கையை ஒரு ஆளு பாத்ததில்ல. இன்னைக்கு மூணு பேரும் கண்ணு எடுக்காம அதையே பாத்துனு இருந்தீங்களா, பயத்துல தள்றதுக்கே மறந்துட்டேன். சுருதி இறங்கிப்போச்சு."

"எந்தப் பாட்டுல?" என்றார் ரகு.

"அதுலதான் சார், நீங்க ஒன்ஸ் மோர் கேட்டீங்களே, அதுல. நல்லவேளை கேட்டீங்க. ரெண்டாவது தபா தள்ளிட்டேன்."

தாம்பரம் வரும்வரை மூன்று பேரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.